இருப்புப் பதிவேடு

வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடச் சொன்னார் முதல்வர்.
திங்களன்று ஏசி பொருத்தப் பரமக்குடியிலிருந்து ஆள் வருகிறது.
வரலாற்றுத் துறை என்பது
மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை,
கடல் பார்த்த ஜன்னல் இரண்டு.
அதில் ஒன்று பதினோரு வருடமாகத் திறப்பதில்லை.

நான் ஸ்டோர் கிளார்க். படித்தது கணிதம், அதுவும் பாதி.
பதிவேட்டை விரித்து
மேசை நான்கு என்றேன்.
ஐந்து, என்றார் மெர்சில்டா மேடம் தலை நிமிராமல்,
ஒன்றை காமர்ஸ்காரர்கள் விழாவுக்கு எடுத்துப் போனார்கள்.
கடைசி மூன்று பேரின் விடைத்தாளைத்
திருத்திக்கொண்டிருந்தார்.
கௌரவ விரிவுரையாளருக்கு வருடத்தில் பத்து மாதம்தான் சம்பளம்.
மே மாதத்தில் அவர் எங்கள் கணக்கில் இல்லை.
இல்லாதவருக்கு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

வரைபடம் ஆறு.
ஒன்றில் கரையான் கடலைத் தின்றிருந்தது,
எல்லைக்கோட்டை மட்டும் விட்டுவிட்டு.
என் மச்சினன் அந்தக் கோட்டில்தான்
மூன்றாம் முறையாகப் படகைப் பறிகொடுத்தான்.
நிலை என்ற கட்டத்தில் ‘பழுது’ என்று எழுதினேன்.

புத்தகங்களை நூலகம் வேண்டாமென்றது.
இருநூற்றுப் பதினான்கு கிலோ, கிலோ பதினொன்று.
மூன்றாவது மூட்டையைத் தூக்கும்போது
கனமான பாடம்தான் சார், என்றார் பழைய பேப்பர் ஜபருல்லா.
யாரும் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு பிஸ்கட் டின்.
உள்ளே ஓட்டுச் சில்லுகள், நாற்பத்து மூன்று.
பெரியபட்டினம் பக்கம் மழை கழுவிய மேட்டில்
எந்த வருடத்துப் பிள்ளைகளோ பொறுக்கியது.
சிலதில் நீலப் பூ.
ஒன்றில் பூ உடைந்து போய்க் காம்பு மட்டும்.

வாங்கிய தேதி?
வாங்கவில்லை.
பில் நம்பர்?
சீனத்துக் கப்பல்காரன் வைத்திருப்பான், போய்க் கேளுங்கள்.
விலை?
பேனாவை மூடினார்.
எழுநூறு வருஷம் இருக்கும், உத்தேசமாகப் போடுங்களேன்.
ஆடிட்டர் உத்தேசத்தை ஒத்துக்கொள்ள மாட்டார் மேடம்.
விலைக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.
இருபத்திரண்டு வருட வேலையில்
நான் விட்ட ஒரே காலி.

ஒன்று சொல்லிவிட வேண்டும்.
ஒவ்வொரு ஜூனிலும் விண்ணப்பக் கவுண்டரில்
இதைப் படித்தால் என்ன வேலை என்று
கேட்ட அப்பாக்களுக்கெல்லாம்
கணினிப் பக்கம் கை காட்டியவன் நான்.
பொய் சொல்லவில்லை.
என் மகளையும் அங்கேதான் சேர்த்தேன்.

போன வாரம் அதே அறையிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
பெயர் ஷிஃபானா, டேட்டா சயின்ஸ் இரண்டாம் ஆண்டு.
பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது
அவளுடைய ப்ராஜெக்ட்.
சார், ஓட்டுச் சில்லு நாற்பத்து மூணு,
விலை காலியா இருக்கு, உள்ள ஏற மாட்டேங்குது.
பூஜ்யம் போட்டுரும்மா.
போடலாம் சார். ஆனா பூஜ்யம் வேற,
தெரியலைங்கிறது வேற.
போகாமல் நின்றாள்.
அது எதோட சில்லு சார்?

மேடத்தின் நம்பர் என்னிடம் இருந்தது.
தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில்
பில் போடுகிறார் என்று கேள்வி.
மணி முழுக்க அடித்து நின்றது.

கீழே போய்ப் பார்த்தோம்.
உப்புக்காற்றில் ஏசி எப்போதோ ஓய்ந்துவிட,
கச்சான் அடிக்கும் கதவுக்கு
அந்த டின்னைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள்.
எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும்.
நான் முதுகால் கதவைத் தாங்கிக்கொண்டேன்.
அவள் தரையில் துப்பட்டாவை விரித்து
ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.
நாற்பத்தொன்று.
காம்பு மட்டும் இருந்ததைக் காணவில்லை.
ஒண்ணுமில்லை சார், என்று சொல்லி
மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.